திரும்பி வர்ற பைப்

— அதெல்லாம் அப்புறம் கேளுக்கா. முதல்ல போய் அடுப்ப அணைச்சிட்டு வா.

— பால் இன்னும் பொங்கலடா.

— பொங்கவே வேணாம், அணை. திரும்பி ஷெட்டுக்குள்ள வரும்போது லைட்டு சுவிட்ச மட்டும் தொட்டுடாத.

— ...அணைச்சாச்சு. நீ எங்கடா இருக்க, குரல் மட்டும் வருது?

— காருக்கு அடியில. பின்சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு பாரு.

— ஐய, என்னடா நாத்தம் இது. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு.

— டேங்க்குக்குக் கீழ ஒரு பைப்பக் கழட்டினேன், குபுகுபுன்னு கொட்டிருச்சு. கட்டைவிரல வெச்சு அடைச்சுட்டுப் படுத்திருக்கேன். விரல எடுத்தா ஷெட்டு முழுக்க பெட்ரோல்தான்.

— அதானே பாத்தேன். காலையிலேர்ந்து வீட்ல ஒண்ணும் நடக்கலையேன்னு.

— சின்ன வேலைதான்கா. அலமாரியில கடைசித் தட்டுல ஒரு ரப்பர் ஓஸ் துண்டு கிடக்கும். ஒரு முனையில போல்ட்டு சொருகிக் கிளிப் போட்டு வெச்சிருக்கேன். அத எடுத்துக் குடு, விரல எடுத்த கையோட மாட்டிடறேன்.

— உனக்கு எல்லாமே சின்ன வேலைதான். எஞ்சின் மாத்துறதும் சின்ன வேலைன்னுதான் போன மழைக்கு முன்னாடி ஆரம்பிச்ச.

— அப்பா முழிச்சுட்டாரா?

— தூங்குறாரு. விடிகாலையிலயே ஜன்னல்ல பால்காரரப் பிடிச்சு வெச்சுக்கிட்டு ஒரே குசுகுசு. அந்த அசதி. முன்கதவ வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கேன்.

— பின்கதவு?

— அது துருவேறி ஒட்டிக் கிடக்கு, அம்மா இருந்தப்பவே திறக்காது. டேய், இங்க எண்ணெய் டப்பா இருக்குமே, காணோம்?

— அப்பா வாங்கி வெச்சிருக்காரு. முட்டிவலிக்குத் தேய்க்கணுமாம்.

— மெஷின் எண்ணெயவா?

— வேற எத நீட்டினாலும் திட்டுவாரு. கேட்டதக் குடுத்துட்டேன். ஓஸ் கிடைச்சுதா?

— கிடைச்சுது. கன்னங்கரேல்னு, வால்ல போல்ட்டு.

— அதேதான். குடுக்கா, விரல் மரத்துப் போச்சு.

— இரு. டேங்க்குல ஏதுடா இவ்வளவு பெட்ரோல்?

— என்ன?

— அடியில பைப்புக்கு ஓட்டை போடணும்னு நீயேதான வடிச்ச. வாளி வாளியா வெளிய தூக்கிட்டுப் போனியே.

— காலியா இருக்குன்னு நம்பித்தான் நானும் கழட்டினேன்.

— அப்ப யாரு ஊத்தினா?

— அதுதான் எனக்கும் தெரியல. நீ வண்டி மேல சாயாதக்கா. ஜாக்கி ஸ்டாண்டு மேல நிக்குது, ஆடுது பாரு.

— நான் எங்க சாஞ்சேன்? மூடி வெச்ச கவர்மேல கூட கை படல. பேச்ச மாத்தாத. டேங்க்க ரொப்பிட்டு எங்க கிளம்பற?

— ஓஸக் குடு.

— பதிலச் சொல்லு, குடுக்கறேன்.

— ஜென்ம எதிரி கூட இப்படி மடக்க மாட்டான்.

— ஜென்ம எதிரி உன் துணியத் துவைச்சுப் போட மாட்டான். சொல்லு.

— நான் ஊத்தலக்கா. நம்ம அம்மா மேல ஆணையா.

— அப்ப சாவி எங்க? கொக்கியில இல்லையே.

— இல்லையா? நேத்து நான்தான மாட்டினேன்... ஓகோ. இப்பப் புரியுது. இங்கேர்ந்து பாத்தா உன் கால் மட்டும்தான் தெரியுது. வீட்டுக்குள்ள வெறுங்காலோட திரியறவ, இன்னிக்கு என்ன வெளிய போற செருப்பு?

— செருப்பு போடறது குத்தமா?

— உனக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஊத்தினது நீ. சாவியும் உன் கையில.

— என் கையில இருக்கறது உன் ஓஸ் ஒண்ணுதான். ஆனா போகணும்னு நினைச்சதில்லன்னு சொல்ல மாட்டேன். தினமும் நினைக்கிறேன். செருப்ப மாட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போவேன். அங்க நின்னா அப்பா மாத்திரை ஞாபகம் வந்துடும், திரும்பிடுவேன்.

— எனக்குத் தெரியாதே.

— உனக்கு எப்படித் தெரியும், விடிஞ்சா பட்டறைக்கு ஓடிடற. குளிப்பாட்டறதும் நான், பேச்சு வாங்கறதும் நான். கடைக்குப் போனாக் கூட பெத்த அப்பாவ உள்ள வெச்சுத் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போறேன். அந்தச் சத்தம் கேக்கறப்பல்லாம் கை கூசுதுடா. இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது.

— எனக்கு மட்டும் முட்டலையா?

— அதானே பாத்தேன். வெளிய வரட்டும்.

— என்கூட வேலை பாத்தவன் வேற ஊர்ல பட்டறை போட்டிருக்கான். கூட வந்துடுன்னு கூப்பிட்டுட்டே இருக்கான். இந்த வண்டி முடியட்டும், முடியட்டும்னு நானும் சொல்லிட்டே இருக்கேன்.

— முடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே.

— முடிச்சுட்டேன்கா. எப்பவோ.

— என்னது?

— எஞ்சின் ஓடுது. நேத்து நீ இல்லாதப்ப, ஒரு கேன்ல ஓஸ விட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். சத்தமே இல்லாம, பஞ்சு மாதிரி ஓடுது.

— அப்ப அப்பா கேக்கறப்பல்லாம் பெட்ரோல் பைப் பாக்கி, பைப் பாக்கின்னு சொன்னது?

— ஒரே ஒரு பைப்பத்தான் மாட்டல. பழைய எஞ்சினுக்குக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சினா போதும். இதுக்கு பம்ப் பீச்சி அடிக்கும். எஞ்சின் குடிச்சது போக மிச்சம் டேங்க்குக்குத் திரும்பி வரணும். அந்தத் திரும்பி வர்ற பைப்ப வேணும்னுதான் விட்டு வெச்சேன்.

— எதுக்கு?

— மாட்டினா அவரு அன்னிக்கே சாவியத் தூக்கிடுவாரு. கண்ணு மங்கிப் போய் எதிர் வீட்டு கேட்ட இடிச்சது மறந்துடுச்சா? பைப் மாட்டாத வரைக்கும் அவரு வீட்ல இருப்பாரு. அவரு இருக்கற வரைக்கும் நாமளும் இருக்கணும்.

— அப்ப இன்னிக்கு எதுக்கு மாட்ட வந்த?

— விரல் வலிக்குதுக்கா.

— வலிக்கட்டும். எதுக்கு மாட்ட வந்த?

— அந்தப் பட்டறைக்காரன் இனிமே கூப்பிட மாட்டேன்னுட்டான். நாளைக்கு வரலன்னா வேற ஆளாம். மாட்டிட்டு, அப்படியே வண்டிய எடுத்துட்டு... உன்கிட்ட சொல்லாமப் போயிடலாம்னு.

— சொல்லாமயா?

— சொன்னா நீ போடான்னுதான் சொல்லுவ. அதக் கேட்டுட்டு என்னால போக முடியாது.

— கைய நீட்டு. இந்தா ஓஸ். நல்லா அழுத்தி மாட்டு.

— அழறியா?

— பெட்ரோல் நெடி கண்ணுல ஏறுது. மாட்டினியா?

— மாட்டிட்டேன். நின்னுருச்சு. அப்பாடா.

— டேய்.

— ம்?

— போடா. போயிட்டு அப்பப்ப வா. நான் பாத்துக்கறேன்.

— இதுக்குத்தான் சொல்ல வேணாம்னு நினைச்சேன். ஏன்க்கா மறுபடியும் சாயற? வண்டி ஆடுது, நான் அடியில இருக்கேன்.

— நான் சுவரோரமா நிக்கறேன்டா. என் கால நீயே பாரு.

— அப்ப யாரு ஆட்டறது?

— இரு, கவரத் தூக்கறேன்.

— மெதுவாக்கா.

— அப்பா... நீங்க எப்படி... எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்க?

— பால் அடுப்புல ஏறறதுக்கு முன்னாடியே. எண்ணெய் முட்டிக்கு இல்ல பெரியவளே, பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு. பெட்ரோல் பால்காரர் ஊத்தினது. நேத்து எஞ்சின் ஓடினத நானும் கேட்டேன், காதுமா மங்கிப் போச்சு?

— அப்பா, சாவியத் திருப்பிடாதீங்க. கீழ பூரா பெட்ரோல்.

— திருப்பலடா. ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும்னுதான் உக்காந்திருந்தேன். அந்தத் திரும்பி வர்ற பைப்ப இப்ப மாட்டு, வண்டியத் தரையில இறக்கு, ரெண்டு பேரும் வழிய விட்டு நில்லுங்க. எனக்கும் இந்த வீட்ல மூச்சு முட்டுது.