பன்னிரண்டாம் பிரிவு

கண்ணாடி இல்லாமல் எனக்குச் செய்தித்தாள் படிக்க வராது. ஆனால் ஒரு ஒப்பந்தத்தில் காற்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தால், தாளைக் கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். பத்தொன்பது வருடப் பழக்கம். பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்களுடையது மருந்து மொத்த வியாபாரம். ஐந்து மாடிக் கட்டடம். லாரிக்காரர், காவலாளிகளை அனுப்பும் நிறுவனம், லிஃப்ட் பராமரிப்பு என்று யாரோடு ஒப்பந்தம் போட்டாலும் நான் எழுதுவேன், அக்கா டைப் அடிப்பார். பிறகு அவர் உரக்கப் படிக்க, நான் பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். கூடப்பிறந்த அக்கா இல்லை. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அக்கா. 'இதன்கண்' என்ற சொல் வரும்போதெல்லாம் நிறுத்தி, "யார் கண்ணுப்பா இது?" என்பார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு வரும்.

போன வருடம் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். சின்ன முதலாளி நல்ல பிள்ளை, அதிர்ந்து பேசமாட்டார். ஒப்பந்தம் எழுதுகிற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் மூன்று நாள் எழுதுவதை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது எழுதி முடித்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம் சார். அது கேக்குற விவரத்தைப் போட்டுட்டு, கடைசியில ஓகே கொடுத்தா போதும்," என்றார்.

அக்காவைக் கீழ்த்தளத்து ஆவண அறைக்கு மாற்றினார்கள். கோப்புப் பெட்டிகளைச் சரக்கு லிஃப்டில் ஏற்றி மாடிக்கு மாடி கொண்டுபோவது அவர் வேலை. போகிற அன்று, "ஏதாவது சொல்லிப் பாரேன்ப்பா. நீ சொன்னா கேப்பாங்க," என்றார். சொல்லிப் பார்த்தேன். சின்ன முதலாளி முழுதாகக் கேட்டார், தலையாட்டினார், டீ வரவழைத்துக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அதற்குமேல் என் நிலையில் இருப்பவன் என்ன செய்ய முடியும்?

அந்தச் சமயத்தில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. பழையதில் பன்னிரண்டாம் பிரிவு என்று ஒன்று உண்டு: சரக்கு லிஃப்டின் கம்பிவடத்தையும் பிரேக்கையும் மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். சின்ன முதலாளியின் மேசைக்குப் போன புதிய பிரதியில் அது இல்லை. புகார் கொடுத்தால் ஆள் வரும் என்பதோடு முடிந்தது. ஒருமுறை படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அவர் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

என் எண்ணம் தப்பானது இல்லை. என்றைக்காவது லிஃப்ட் நடுவழியில் நிற்கும், மருந்துப் பெட்டிகள் மாட்டிக்கொள்ளும், ஏன் யாரும் சோதிக்க வரவில்லை என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள். இதையெல்லாம் ஒரு மனிதன் படித்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றும். அக்காவும் மேலே வந்துவிடுவார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

எட்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு மதியம், அக்கா சாப்பாட்டு டப்பாவோடு என் மேசைக்கு வந்தார்.

"லிஃப்ட் ஒரு மாதிரி உறுமுதுப்பா. நாலாவது மாடிகிட்ட ஒரு குலுக்கு குலுக்குது. முன்னெல்லாம் மாசாமாசம் ஆள் வருமே?"

"வருவாங்கக்கா. நான் சொல்லிடறேன்."

"மறந்துடாத."

மறக்கவில்லை. புகார்ப் படிவம் என் இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துத் தேதிகூடப் போட்டேன். ஆனால் புகார் போனால் அன்றே வந்து சரிசெய்துவிடுவார்கள், வேலையில் சுத்தமானவர்கள். பிறகு ஒப்பந்தத்தை யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்? எட்டு மாதம் பொறுத்தது வீணாகிவிடும். படிவத்தை உள்ளே வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் படியில் போங்கள் என்று அக்காவிடம் சொல்ல நினைத்தேன். ஏன் என்று கேட்பார். கேட்டால் நான் என்ன சொல்வது? என் கை கட்டப்பட்டிருந்தது.

ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு வடம் அறுந்தது. பிரேக் பிடிக்கவில்லை. நாலாவது மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை. சத்தம் கேட்டதும் நான் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை. கதவை நெம்பித் திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. முதல் பத்து நிமிடம் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

எதிர்பார்த்தபடியே ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். மென்பொருளின் பிழை என்று முடிவானது. சின்ன முதலாளி என் முன்னால் உட்கார்ந்து அழுதார். "இனிமே நீங்க படிக்காம ஒரு தாள்கூட வெளிய போகக்கூடாது சார்," என்றார்.

போன வாரம் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். நிறுவனம் கொடுத்த உடன்பாட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

"உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு அவ சொல்லிட்டே இருப்பா தம்பி. நீங்க பார்த்துச் சரின்னு சொன்னா கையெழுத்துப் போட்டுடறேன்."

வரிவரியாகப் படித்தேன். விபத்துக்குத் தனிநபர் எவரும் பொறுப்பல்ல என்று ஓரிடத்தில் இருந்தது. மொழி சுத்தமாக இருந்தது. "போடலாம்ண்ணே," என்றேன். என் பேனாவையே வாங்கிப் போட்டார். பிறகு என் வலது கையைப் பிடித்தவர் நெடுநேரம் விடவில்லை. அதிலிருந்து அந்தக் கைக்கு எழுத வரவில்லை. அதனால்தான் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொல்கிறேன்.

உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு திருத்தம் இருக்கிறது. மென்பொருள் பன்னிரண்டாம் பிரிவை விட்டுவிடவில்லை. ஒழுங்காக எழுதியிருந்தது. நீக்கியவன் நான். நீக்கியதும் அது கேட்டது: இது உயிர்ப் பாதுகாப்பு தொடர்பான பிரிவு, நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று. ஆம் என்று அழுத்தினேன்.

இருந்தாலும், எந்த ஒப்பந்தமானாலும் கடைசியில் ஒரு மனிதன் படித்துப் பார்த்துவிடுவது நல்லது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.