லோகநாயகி சொன்னதாக

அய்யா, உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது. நான் கம்பவுண்டராக இருந்த ஆஸ்பத்திரியில் டீயையும் கழுநீரையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

கேட்டீர்கள், சொல்கிறேன். அறுபத்திரண்டில் கடலூரில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் போட்டார்கள். ஆண்களைப் பேசி ஆபரேஷனுக்குக் கூட்டி வருவது என் வேலை. அதிகம் பேரைக் கொண்டு வருபவருக்கு மேடையில் வெள்ளிக் கோப்பை. மூன்று பிள்ளை பெற்றவர்கள்தான் வரலாம் என்பது விதி. விதி போட்டவர்கள் கடலூர் வெயிலில் அலைந்தவர்கள் இல்லை. எங்கள் பக்கம் கொசு புண்ணியத்தில் விரைவீக்கத்துக்குப் பஞ்சமில்லை. வீக்கத்துக்கு வைத்தியம் என்று கூட்டி வருவேன். உண்மையைச் சொல்லி ஒருவரைப் பயமுறுத்துவது பாவம்.

அங்கே லோகநாயகி என்ற நர்ஸ் மாணவியைப் போட்டார்கள். காட்டுமன்னார்கோயில் பெண். சட்டமும் தர்மமும் என்று ஏதோ பாடம் நடத்தியிருக்கிறார்கள். அவள் அதைப் பரீட்சையோடு விடவில்லை. படுத்தவர்களிடமெல்லாம் குனிந்து, “அண்ணே, இது வீக்கத்துக்கு இல்ல. பண்ணிக்கிட்டா அப்புறம் புள்ள பொறக்காது. சம்மதமா?” என்றாள். வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள்.

“ஏம்மா, ஆள் புடிச்சிகினு வர்றது என்ன லேசா?” என்றேன்.

“சொல்லாம வாங்குனா அது சம்மதமே இல்ல சார்.”

நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. மறுநாள் அவளைத் துணி வேகவைக்கும் அறைக்கு மாற்றச் செய்தேன்.

அன்று பார்த்து சபாபதி வந்தான். அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாமன் மகன். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். கையில் அவளுக்கு முறுக்குப் பொட்டலம். எனக்குக் கோப்பைக்கு ஓர் ஆள் குறைந்தது.

“லோகு வேலையா இருக்குது மாப்ள. மூட்ட தூக்குறதால ஒனக்குக் குடலெறக்கம் வருமாம். ரெண்டு தையல்ல தடுத்துடலாம்.”

“லோகு சொல்லுச்சா?”

“அதுதான் சொல்லுச்சு. இதப்போயி அதுகிட்ட பேசிகினு இருக்காத. கல்யாணம் ஆவாத பொண்ணு, கூச்சப்படும்.”

பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தான். டாக்டர் பிள்ளைகள் எத்தனை என்று இங்கிலீஷில் கேட்டார். “த்ரீ” என்று நானே சொன்னேன். பையன் கூச்சக்காரன். முறுக்கு கொஞ்சம் உப்பு ஜாஸ்தி.

கோப்பை வந்தது. என் பேரப்பிள்ளைகள் அதில்தான் பால் குடிக்கிறார்கள். ஏழு பேர்.

லோகு, சபாபதி கல்யாணத்துக்குப் போய்த் தொட்டில் சங்கிலி பரிசு கொடுத்தேன். ஆறு வருஷமாகியும் தொட்டில் ஆடவில்லை. ஊர் அவளை மலடி என்றது. மாமியார் மகனுக்கு வேறு பெண் தேடுகிறாளாம். போன வாரம் சிதம்பரத்தில் ஒரு டாக்டர் சபாபதியின் தழும்பைப் பார்த்து விவரம் கேட்டிருக்கிறார். “நீ சொன்னேன்னுதான பண்ணிக்கிட்டேன்” என்றானாம் இவளிடம். அத்தனை வருஷம் வாய் திறக்காதவன். அதன்பிறகுதான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள்.

நான் செய்ததை மறைக்கவில்லை. செய்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: வருஷம் தவறாமல் மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போய், அவர்கள் இருவர் பேருக்கும் அர்ச்சனை செய்து, பிள்ளை வரம் கேட்டு வந்திருக்கிறேன். நடராஜர் மனம் வைக்கவில்லை. அதற்கும் என்மேல்தான் கேஸ் எழுதுவீர்களா?