மாதாவுக்கு முன்னால் ஒரு சத்தியம்

பரந்தனில் முல்லைத்தீவு பஸ் ஏறியதிலிருந்து, முன் இருக்கை இளைஞன் எந்தப் போன் நல்லது, எந்தக் கொம்பனி ஏமாற்றும் என்று ஓயாமல் கதைத்துக்கொண்டே வந்தான். அவன் பக்கத்தில் இருந்தவர் கடற்றொழிலாளி. அவர் சொன்ன ஒரு வசனத்தில் என் தூக்கம் போய்விட்டது.

"கடலுக்கடியில மீன் கூடுற கல்லுப்பார் எங்க கிடக்கெண்டு கூடப்பிறந்தவனுக்கும் சொல்லக்கூடாது, தம்பி."

"அப்ப எங்க குறிச்சு வைக்கிறனியள், அண்ணை?"

"போனிலதான். ஒரு அப் இருக்கு. காசும் இல்லை."

"சும்மா தாறவன் வேற என்னத்தையோ எடுக்கிறான். பேரைச் சொல்லுங்கோ."

இளைஞன் அதைத் தன் போனில் இறக்கிப் பார்த்தான். கடல் வரைபடத்தில் ஒரு புள்ளியைப் பெரிதாக்கி அவரிடம் நீட்டினான்.

"இந்தப் புள்ளி நீங்கள் வைச்சதோ?"

"ஐயோ, என்ர பாரல்லோ! உம்மட போனுக்க எப்பிடி வந்தது?"

"இந்த அப் வைச்சிருக்கிற எல்லாருக்கும் காட்டுது, அண்ணை. வேண்டாமெண்டால் நாங்கள்தான் நிப்பாட்ட வேணும். அதை அவங்கள் சொல்லமாட்டாங்கள்."

அவர் முன் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

"போன மாசம் அந்தப் பாரில வேற நாலு வள்ளம் நிண்டது, தம்பி. என்னோட ஒருக்கா வந்த மச்சான்தான் காட்டிக் குடுத்தவனெண்டு, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணச் சொன்னனான்."

"பண்ணினவரோ?"

"அழுதழுது பண்ணினவன். பொய்ச்சத்தியமெண்டு நான் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன்."