வாலறுந்த வாக்கியம்

— மறுபடியும் வால அறுத்துட்டியேடா! ‘ஷீ லுக்டு ஆஃப்டர் த பேபி.’ அவ குழந்தையப் பாத்துக்கிட்டா. இத பேஸிவ் வாய்ஸ்ல மாத்து.

— ‘த பேபி வாஸ் லுக்டு பை ஹர்.’ சரிதானேக்கா?

— ‘ஆஃப்டர்’ எங்க?

— அதான் ‘பை’ வந்துருச்சே. ரெண்டும் ஒட்டிக்கிட்டு நின்னா அசிங்கமா இருக்கு.

— இருந்துட்டுப் போகட்டும். ‘லுக்டு ஆஃப்டர் பை ஹர்.’ ரெண்டும் சேந்துதான் ஒரு வினை, தம்பி. வாக்கியத்த எப்படித் திருப்பிப் போட்டாலும் வால் கூடவே வரணும்.

— உன்ன விட்டா யாருக்கா எனக்கு இவ்வளவு பொறுமையா சொல்லித் தருவா? நீ மட்டும் கல்யாணமாகிப் போயிருந்தா, என் இன்டர்வியூ அம்பேல்தான்.

— அந்தப் பேச்சு எதுக்கு இப்ப? சரி, இத மாத்து. ‘ஹி கால்டு ஆஃப் த வெட்டிங்.’

— இது புக்ல இருக்கா?

— நான்தான் சொல்றேன். கல்யாணத்த அவர் ரத்து பண்ணிட்டாரு. மாத்து.

— ம்... ‘த வெட்டிங் வாஸ் கால்டு பை ஹிம்.’

— இன்னொரு தடவ சொல்லு.

— ஏன்க்கா அப்படி மொறைக்கிற? ‘ஆஃப்’ விட்டுப்போச்சு, அவ்வளவுதானே.

— ‘ஆஃப்’ விட்டுப்போனா ரத்துங்கிற அர்த்தமே போயிடும், கூப்பிட்டாருன்னு ஆயிடும். என் நிச்சயம் முடிஞ்சு, அன்னிக்கு ஏதோ புது நம்பர்லேருந்து அவர் பேர்ல மெசேஜ் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ‘த வெட்டிங் இஸ் கால்டு பை மீ.’ கல்யாணத்துக்குக் கூப்பிடுறாரா, என்ன சொல்றாருன்னே புரியாம முழிச்சேன். நீதான் ஒரு பார்வ பாத்துட்டு, ‘கல்யாணம் நின்னுபோச்சுக்கா’ன்ன.

— குத்துமதிப்பா சொன்னேன்.

— உனக்கே பாடம் எடுக்குற எனக்குப் புரியல. உனக்குப் புரிஞ்சுதா?

— அவங்க வீட்டுக்கே போய்ச் சண்ட போட்டேனேக்கா! மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்தினாங்க!

— போனது நீ மட்டும்தான். என்ன வர வேண்டாம்னு தடுத்ததும் நீதான். அன்னிலேருந்து அந்த மனுஷன நான் சபிக்காத நாள் இல்ல.

— கூடப்பொறந்தவனையே சந்தேகப்படுறியா? ‘ஆஃப்’ விட்டுப்போறதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? யாருக்கு வேணும்னாலும் வர்ற தப்புக்கா அது!

— யாருக்கு வேணும்னாலும் வரும்டா. அவருக்கு வராது. ஸ்கூல்ல இந்தப் பாடத்த நடத்துறதே அவருதானே.