உறவினர் எத்தனை பேர்?

ஹலோ... அப்பா, வச்சுடாதீங்க, நான்தான்... ஆமா, ஆமா, ஆடிட்டர் ஆபீஸ்லதான் இருக்கேன். நம்ம நாய் காப்பகத்தோட வரி ஃபாரம்தான்... தெரியும்ப்பா, இன்னிக்குப் போகலைன்னா வரிவிலக்கு போயிடும். எல்லாம் எழுதியாச்சு. தலைவர் நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது... செருப்பை அப்புறம் மாட்டுங்க. ஒரே ஒரு கட்டம் மட்டும் படிச்சுக் காட்டிடறேன்.

இல்ல, வரவு செலவு இல்ல. ‘நிர்வாகக் குழுவில் ஒருவருக்கொருவர் உறவினர் எத்தனை பேர்?’... ஆமா, போன வருஷம் ரெண்டு. தலைவர் நீங்க, பொருளாளர் நான். இந்த வருஷம்... மூணு.

...நல்லா எண்ணிட்டேன்ப்பா. கணக்குல பட்டம் வாங்கினவளைப் பாத்து மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமான்னு கேக்குறீங்களே!

அம்மாவா? அம்மா எப்பப்பா கமிட்டியில இருந்தாங்க? நாயைக் கண்டாலே கதவைச் சாத்துறவங்க... சித்தப்பாவும் இல்ல... ம்... ம்... செயலாளர். ஆமா. நாய் டாக்டர்தான்.

ஹலோ? அப்பா? மூச்சு விடுங்க...

போன மாசம், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல... ஆமா, தடுப்பூசி போடப் போறோம்னு சொல்லிட்டுப் போனோமே, அன்னிக்கு... அதுவும் போட்டோம்ப்பா! ஒரு நாயைக்கூட விடலை...

திமிர்தான்... சரி... சரி... ஐயோ, ஆடிட்டர் காதுல விழுது, மெதுவா...

அப்போ ரெண்டுன்னே எழுதிடவா? பேனா கையிலதான் இருக்கு. செத்துப்போன நாய் ஒண்ணை உயிரோட இருக்குன்னு காட்டிட்டோம்னு, வரி ஆபீசுக்கு மன்னிப்புக் கடிதாசி போட்ட மனுஷன் நீங்க. பரவாயில்லையா?... வேண்டாமா? அப்போ மூணுதான். கையெழுத்துப் போடுவீங்களா?

...அப்பா? கோச்சுக்காதீங்கப்பா. விளையாட்டா பேசிட்டேன்...

என்னது? மூணும் தப்பா?... கீழயா? சின்ன எழுத்தா? இருங்க... ‘வாழ்க்கைத் துணையின் உடன்பிறந்தோரும் இதில் அடங்குவர்’... ஐயையோ. டாக்டரோட அக்கா! நம்ம துணைத் தலைவர்!... ஆமாம்ப்பா. எனக்கு நாத்தனார். உங்களுக்கு சம்பந்தி வீடு...

நாலு. சரிப்பா. அடிச்சுட்டு நாலுன்னு எழுதிட்டேன்... இல்ல, அழலை...

அவரா? உள்ள வரப் பயந்துக்கிட்டு வெயில்ல நிக்கிறார்... யாரை? யாரை உள்ள உக்கார வைக்கணும்?... அப்பா, அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க... மாப்பிள்ளைன்னா சொன்னீங்க?... ஹலோ? ஹலோ?