பெரிய ஈயும் கடைசி ஸ்பூனும்

— நாம அந்த ஊருக்கே இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றோம்னு அந்தக் கடைக்காரிகிட்ட சொன்னியா இல்லியா, ஐலீன்?

— சொல்லாம இருப்பேனா, மெர்வின்? 'மறுபடியும் தவளை ஸ்பூனா, நேத்துதானே ஒண்ணு வாங்கிட்டுப் போனீங்க'ன்னு சிரிக்கிறா.

— இந்த குயின்ஸ்லாந்து ரோட்டுல நரைச்ச தலையும், கார் பின்னால இழுத்துட்டுப் போற கேரவன் வீடுமா எத்தனை ஜோடி போகுது. அவளுக்கு எல்லாம் ஒரே மூஞ்சி.

— கேரவன் கதவுல நீ வரைஞ்சியே கோணக் கங்காரு, அதையும் சொன்னாளே. அதுக்கு மூணு காதுன்னா.

— மூணாவதா இருக்கிறது வால். எத்தனை தடவை சொல்றது.

— பேசிக்கிட்டே நெஞ்சைத் தடவுற பாரு, கிழவா. எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்.

— காலையில தின்ன கறி வச்ச மீட் பை. ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும்.

— ஒரு வாரமா உனக்கு அந்த ஏப்பம் வரவே மாட்டேங்குது. வண்டியத் திருப்பு. டாக்டரப் பாத்துட்டு அப்புறம் ஊர் சுத்தலாம்.

— கிழவி, கேளு. கல்யாணம் ஆனதுலேர்ந்து எவன் எங்க ரோட்டோரம் பெரிய நண்டு சிலை கட்டினாலும், பெரிய உருளைக்கிழங்கு சிலை கட்டினாலும் போயிருக்கோம். காலடியில நின்னு ஃபோட்டோ, அப்புறம் அந்த ஊர் ஞாபகமா ஒரு ஸ்பூன். இந்தப் பயணம் முடிஞ்சா சமையக்கட்டுல ஸ்பூன் மாட்டுற பலகை நிறைஞ்சிடும். இன்னிக்கு பேரிக்காய், கடைசியா பெரிய ஈ. அதுக்கப்புறம் நீ சொல்ற டாக்டர்கிட்ட ஆட்டுக்குட்டி மாதிரி வர்றேன். இறங்கு, பேரிக்காய் வந்தாச்சு. நீ போய் வாங்கு, நான் டயரப் பாக்குறேன்.

— மெர்வின்.

— என்ன, அதுக்குள்ள வந்துட்ட? ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க?

— இந்தக் கடைக்காரனும் அதையேதான் சொல்றான். நேத்து ஜன்னல் வழியாப் பாத்தானாம். 'ஒருத்தர ஒருத்தர் தாங்கிக்கிட்டு நடந்தீங்க, இன்னிக்கு நல்லா இருக்கீங்களே'ன்னு சந்தோஷப்படுறான்.

— யாரு யாரத் தாங்கினது?

— இது என்ன கேள்வி? நெஞ்சப் புடிச்சுக்கிட்டுத் திரியறது நீ. நான்தான் தாங்கியிருப்பேன்.

— சரி, டீயக் குடி. அய்யோ, கொட்டிட்டியே. சுட்டுடுச்சா?

— தெரியல. கை மரத்துக் கிடக்கு. காலையிலேர்ந்து மேப்பப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்ல. நீ பேச்ச மாத்தாத. அவங்க நமக்கு முன்னால போறாங்க, மெர்வின். நாம நாளைக்கு எப்படி இருப்போமோ அப்படி.

— நமக்கு முன்னால போறது லாரிதான், வேற ஒண்ணும் இல்ல. கண்ண மூடித் தூங்கு. பெட்ரோல் போடுற இடத்துல எழுப்புறேன்.

— பெட்ரோல் போட்டுக் கிளம்பியும் ஆச்சு, நீ எழுப்பவே இல்ல. ஆனா நான் தூங்கல. பங்க்குல அந்த ஆளு உன்கிட்ட ஏதோ சொன்னான். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. அப்புறம் பின்னாடியே என் ஜன்னல்கிட்ட வந்து எட்டிப் பாத்தான். என்னன்னு சொல்லு.

— விடு, ஐலீன்.

— சொல்லு.

— நேத்து இதே கார் வந்துச்சாம். நீ உக்காந்திருக்கிற சீட்டச் சாச்சு ஒரு ஆள் படுத்திருந்துச்சாம். மூஞ்சி தெரியலயாம், மேல தொப்பி.

— எந்தத் தொப்பி?

— வெள்ளக்கிளி இறகு சொருகினது.

— உன் தொப்பி.

— ஆமா. என் தொப்பி.

— அப்ப நேத்து நான் வண்டி ஓட்டியிருக்கேன். நீ என் பக்கத்துல கிடந்திருக்க. மெர்வின், எனக்குப் பயமா இருக்கு. நீ இல்லாத வீட்டுல அந்த ஸ்பூன் பலகையப் பாத்துக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?

— அழாத. எனக்கும் பயமாத்தான் இருக்கு, போதுமா? அதோ பாரு, ஈயோட சிவப்புக் கண்ணு தெரியுது. வந்தே வந்துட்டோம். ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். கையோட வண்டியத் திருப்பி நேரா ஆஸ்பத்திரி. சத்தியம்.

— நானும் உள்ள வர்றேன். நீ விழுந்தா யாரு தூக்குறது? இரு... எழுந்தா சுத்துது. இந்த வெயில் தலையப் பிளக்குது.

— நீ உக்காரு. நான் போயிட்டு ஓடி வந்துடறேன்.

— அப்ப அந்தத் தொப்பியக் குடு. இனி அது உன்கிட்ட இருக்கவே கூடாது. நான் போட்டுக்கிட்டா அவங்க பாத்தது பொய்யாயிடும்ல?

— இந்தா. சீட்டச் சாச்சுக்கோ. மூஞ்சிமேல போட்டுக்கோ, கண்ணு கூசாது. கதவத் திறந்து வைக்கிறேன்.

— நெஞ்சு வலிச்சா அங்கயே உக்காந்துடு, கிழவா. வீம்பு புடிக்காத.

— சரி, கிழவி.

— வாங்க தாத்தா.

— பெரிய ஈ ஸ்பூன் ஒண்ணு குடும்மா. நேத்தே வாங்கிட்டீங்கன்னு மட்டும் சொல்லிடாத. வழி பூரா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

— எங்க வாங்கினீங்க? நேத்து எடுத்துக் குடுத்தேன், அப்படியே போட்டுட்டுப் போயிட்டீங்க. இதோ மேஜைமேலயே இருக்கு.

— நானா? நானே நடந்து வந்தேனா? நல்லாப் பாத்துச் சொல்லு, நான் திடமாத்தான் இருந்தேனா?

— உங்களுக்கு என்ன தாத்தா, கல்லு மாதிரி இருந்தீங்க. காருக்கு எப்படி ஓடினீங்க.

— அப்பாடா. இத முதல்ல என் வீட்டுக்காரிகிட்ட சொல்லணும். பாவம், எனக்கு என்னமோ ஆகப் போகுதுன்னு காலையிலேர்ந்து அழுதுக்கிட்டே வர்றா. ஆமா, நான் ஏன் ஓடினேன்?

— கார்ல பாட்டி அசையாமக் கிடந்தாங்களே, அதான். ஆம்புலன்ஸ் வந்தப்புறமும் அவங்க மூஞ்சியிலேர்ந்து அந்தத் தொப்பிய எடுக்கவே விடல நீங்க. 'ஒரு ஸ்பூனுக்காகத் தனியா விட்டுட்டு வந்துட்டேனே'ன்னு அப்படி அழுதீங்க. இன்னிக்கும் ஏன் தாத்தா அவங்களத் தனியா விட்டுட்டு வந்தீங்க?