வகை தெரியாத எண்ணெய்

பச்சை மிளகாய் காய்கறி. அதையே மொட்டைமாடியில் நாலு நாள் காயப்போட்டால் அது காய்கறி இல்லை, மசாலாச் சாமான். சுங்க வரிப் புத்தகத்தில் அதற்கு வேறு அத்தியாயம், வேறு வரி. இதைச் சொன்னால் என் மனைவி மலர்விழி சிரிப்பாள். "எந்த அத்தியாயத்துல இருக்கோம்னு மிளகாய்க்குத் தெரியுமாங்க?" என்பாள். மிளகாய்க்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தால் போதும்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஆனந்த்ராஜ். திண்டுக்கல் நாகல் நகரில் இரண்டு அறை ஆபீஸ். வெளிநாட்டுச் சரக்கு தூத்துக்குடியில் இறங்கும்போது அது என்ன பொருள், எந்தப் பிரிவில் சேரும் என்று தாள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். பதினெட்டு வருஷத்தில் என் தாள் ஒன்றுகூடத் திருத்தப்பட்டதில்லை. "ஆனந்த்ராஜ் எழுதிட்டா அம்புட்டுத்தான், பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது" என்று தொழிலில் பேச்சு. பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்றில், தாடிக்கொம்பு ரோட்டில் சோப்புக் கம்பெனி வைத்திருந்த ஆண்டிச்சாமிக்கு மலேசியாவிலிருந்து எண்ணெய் வந்தது. சமையல் எண்ணெய்க்கு வரி தீட்டிவிடுவார்கள். சோப்புக்குப் போகிற எண்ணெய்க்குக் கொஞ்சம்தான். இதை அடுப்படிக்குத் திருப்பிவிடக் கூடாதென்று அனுப்புகிறவர்களே ஒரு ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். பக்கத்தில் போனாலே குமட்டும். சாப்பிடத் தகாத எண்ணெய் என்று எழுதினேன். சரியான வகை. இன்றைக்கும் அதுதான் சரி.

ஒரே ஒரு நிபந்தனை: வந்த எண்ணெய் முழுவதும் சோப்பாக வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார். ஆனால் ஆண்டிச்சாமியின் சோப்பு கடைகளில் தேங்கிப்போய், சோப்புக் காய்ச்சும் அடுப்பு அணைந்துவிட்டது. ஒருநாள் ஆபீசுக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சார், ஒன்றரைப் பேரலு அப்படியே கெடக்கு. புதன்கிழமை ஆபீசர் வாராராம். என்னத்தச் சொல்றது?"

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அவருக்குக் கொஞ்சம் அபராதம் விழும், என் தாளில் ஒரு சிவப்புக் கோடு விழும். அபராதம் கட்டினால் தீர்ந்துவிடும். சிவப்புக் கோடு ஆயுசுக்கும் நிற்கும்.

எண்ணெயைக் காய்ச்சி, கரித்தூளில் வடிகட்டச் சொன்னேன். மூன்றே நாளில் வாடை போய்விட்டது. தங்கம் மாதிரி தெளிந்து நின்றது. ஆண்டிச்சாமி நல்ல மனிதர், அவருக்கு மனசு கேட்கவில்லை. பேரலோடு வந்த ஆங்கிலத் தாளை என்னிடம் நீட்டினார். "வாட போச்சு சார். உள்ள இருக்குறதும் போயிருக்குமா? செத்த படிச்சுச் சொல்லுங்க."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நிதானமாகப் படித்தேன். வாடையை எடுத்தாலும் ரசாயனம் போகாது, உள்ளே போனால் முதலில் கால் நரம்பு சாகும், அப்புறம் மூச்சு நிற்கும் என்று எழுதியிருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "வாடதாங்க ரசாயனம். வாட போனா எல்லாம் போச்சு" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

கீழே கொட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கொட்டினால் குளத்தில் மிதக்கும், எவனாவது மனு எழுதிப்போடுவான். சாப்பிட்டுவிட்டால் மிச்சம் இருக்காது.

அய்யம்மாள் பெயரைச் சொன்னதும் நான்தான். அவள் அந்தக் கம்பெனியில் சோப்புக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தவள். வேலை போனதும் எரியோடு பஸ் ஸ்டாப்பில் வடைக்கடை போட்டிருந்தாள். பாவம், அவளுக்கு உதவிய மாதிரியும் ஆகும் என்றேன். ஆண்டிச்சாமி சந்தோஷமாக இருபது டின்னில் ஊற்றி டெம்போவில் ஏற்றினார். நானும் கூடப் போனேன்.

"நல்ல எண்ணெதானே சார்? புள்ளகுட்டிக திங்குறது."

"பாமாயில்தாம்மா."

"நீங்க சொன்னாச் சரி சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

புதன்கிழமை அதிகாரி வந்தார். காலிப் பேரல்களைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஒரு திருத்தம் கிடையாது.

பத்துப் பதினைந்து நாளில் எரியோட்டில் ஒவ்வொருவராகக் கால் மரத்து விழுந்தார்கள். அந்த வடையைத் தின்று வெளியூரில் விழுந்தவர்களையும் சேர்த்து மொத்தம் நாற்பத்தொரு பேர். அதில் ஆறு பேர் இறந்தார்கள். ஊர் திரண்டு வந்து கடையை மிச்ச டின்களோடு கொளுத்தியது. அய்யம்மாளைப் போலீஸ் கூட்டிப்போனது. ஆனந்த்ராஜ் சார் கொடுத்த எண்ணெய் என்று அவள் அழுதுகொண்டே சொன்னாளாம். விசாரிக்க வந்தவர்களிடம் தாளை எடுத்துக் காட்டினேன். எண்ணெய் முழுவதும் சோப்பாகிவிட்டது, கீழே அதிகாரியின் கையெழுத்து. சிரமம் கொடுத்ததற்கு வருத்தம் தெரிவித்தார்கள். விஷயம் தெரிந்தவர் ஆயிற்றே, என்ன நடந்திருக்கும் என்று கேட்டார்கள். இந்த மாதிரிக் கடைகளில் ஒரே எண்ணெயை வாரக்கணக்கில் காய்ச்சுவார்கள் என்று பொதுவாகச் சொன்னேன்.

ஆண்டிச்சாமி என் ஆபீசில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நாம ஆறு பேரக் கொன்னுட்டோம் சார், உண்மையச் சொல்லிருவோம்" என்றார். 'நாம' என்று அவர் சொன்னது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. சோப்பாகிவிட்டது என்று அந்தத் தாளில் அதிகாரிக்கு உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்று நினைவூட்டினேன். மூன்று மாதத்தில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் தீர்ப்பு வந்தது. நாலு வருஷமாக நடந்த வழக்கு. அய்யம்மாளுக்குப் பத்து வருஷம். அவள் மகள் பொன்னழகு என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "எங்கம்மா பொய் சொல்லாது சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா வெளிய வந்துரும்" என்றாள். தீர்ப்பு நகலைக் கையில் கொடுத்தாள். அவள் மனம் நோகக் கூடாதென்று முழுவதும் படித்தேன். முப்பத்து மூன்றாம் பக்கத்தில் 'வகை தெரியாத ஏதோ ஒரு எண்ணெய்' என்று எழுதியிருந்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வகை தெரியாதாம். எழுதிக் கொடுத்தவன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் வந்தேன். அய்யம்மாளுக்காகவும்தான்.

இதோ அந்த ஆங்கிலத் தாள். மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறேன்.

அது ஆளைக் கொல்லும் என்று உறுதியாகத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தாளில் இருப்பதெல்லாம் நடந்துவிடும் என்று யார் சொல்ல முடியும்? நான் சந்தேகத்தில்தான் இருந்தேன். நன்றிக்கடனாக அய்யம்மாள் தினமும் எரியோட்டு பஸ் கண்டக்டரிடம் எனக்கென்று சூடாக ஒரு வடைப் பொட்டலம் கொடுத்துவிடுவாள். நான் அதைத் தொட்டதில்லை, வீட்டுக்கும் கொண்டுபோனதில்லை. எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் முத்துச்சாமியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவேன். பத்து நாளும் கொடுத்தேன். இறந்த ஆறு பேரில் அவரும் ஒருவர். குப்பையில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சாப்பிடுகிற பொருளை வீணாக்குவது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்காது.